வால்வு அறுவை சிகிச்சைக்குப் பின் பல்வலி வந்தால்: எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது

பல்வலி வந்தால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கையில் இருக்கும் வலி மாத்திரையைப் போடுவார்கள். அடங்கவில்லை என்றால் பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து ஆன்டிபயாடிக் வாங்குவார்கள். அதற்கும் கேட்காதபோதுதான் பல் மருத்துவரிடம் போவார்கள். அங்கே நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்த பிறகு, "எனக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன்" என்பார்கள். வால்வு மாற்றியவர்களோடு பல் சிகிச்சைக்குத் துணையாகப் போய் வந்ததில் நான் அடிக்கடி பார்த்தது இந்த வரிசையைத்தான். வால்வு வைத்தவருக்கு இதில் ஒவ்வொரு படியும் இடம் மாறியிருக்கிறது.

மாற்ற வேண்டியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வாயில் இருக்கும் கிருமிகள் ஈறு வழியாக ரத்தத்தில் கலந்தால் செயற்கை வால்வில் ஒட்டிக்கொண்டு வளர வாய்ப்பு அதிகம். எண்டோகார்டைட்டிஸ் என்று சொல்லும் அந்தத் தொற்று உயிருக்கே ஆபத்தானது. இரண்டு, பலர் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறார்கள். அந்த மருந்தோடு சாதாரண வலி மாத்திரைகளில் பாதி ஒத்துப்போகாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் மனதில் வைத்தவை. உங்கள் இதய மருத்துவர் வேறு சொல்லியிருந்தால் அவர் சொல்வதே கணக்கு.

1. வலி வருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

வலியோடு நள்ளிரவில் தேடினால் எதுவும் கிடைக்காது. அதனால் ஒரு உறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: வால்வின் வகையும் பொருத்திய தேதியும் உள்ள அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும், கடைசி ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்; ஏறினால் ரத்தம் எளிதில் கசியும்) பரிசோதனைச் சீட்டுகள், ஒவ்வாமை ஏதும் இருந்தால் அந்த விவரம்.

ஒவ்வாமை பற்றி எழுதும்போது "பென்சிலின் ஒத்துக்கொள்ளாது" என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். வயிறு கலங்கியதா, உடம்பெல்லாம் தடிப்பு வந்ததா, முகம் வீங்கி மூச்சு முட்டியதா? மருத்துவர் எந்த மாற்று மருந்தைத் தேர்ந்தெடுப்பார் என்பது இந்தப் பதிலைப் பொறுத்தே இருக்கிறது.

வால்வு மெக்கானிக்கலா (உலோகம், கார்பன் போன்றவற்றால் ஆனது), திசு வால்வா (விலங்குத் திசுவால் ஆனது) என்பது தெரிந்தே இருக்க வேண்டும். மெக்கானிக்கல் என்றால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் என்ற உறைதடுப்பு மருந்து இருக்கும். திசு வால்வு என்றால் சில மாதங்களுக்குப் பிறகு பலருக்கு ஆஸ்பிரின் மட்டும் தொடரும். ரத்தம் கசியும் ஆபத்து இரண்டிலும் ஒன்றல்ல. ஆனால் கிருமித் தொற்று ஆபத்து இரண்டுக்கும் உண்டு. "எனக்குத் திசு வால்வுதானே, நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகத்தானே வைத்தார்கள்" என்று அலட்சியமாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்த வால்வும் செயற்கை வால்வுதான். சொந்த வால்வையே வளையம் வைத்துச் சரிசெய்திருந்தாலும் இதே கணக்குதான்.

2. இது பல்வலிதானா, காத்திருக்கலாமா என்று பாருங்கள்

முதல் கேள்வி, வலி பல்லில் இருந்துதான் வருகிறதா? இதயத்துக்கு ரத்தம் போதாதபோது வரும் வலி கீழ்த்தாடையிலும் தெரியும். நடக்கும்போது வந்து நின்றால் குறைகிறது, குறிப்பிட்ட ஒரு பல்லைக் காட்ட முடியவில்லை, கூடவே நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ மூச்சு வாங்குதலோ இருக்கிறது என்றால் பல் மருத்துவரைத் தேடாதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பல்வலி என்றால் பெரும்பாலும் குளிர்ந்ததோ சூடானதோ பட்டால் சுரீர் என்றிருக்கும், கடித்தால் குத்தும், தட்டினால் ஒரே பல்தான் பதில் சொல்லும்.

அடுத்து, பல்வலியே என்றாலும் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தால் அன்றே மருத்துவமனை:

- காய்ச்சல், குளிர் நடுக்கம்
- கன்னத்திலோ தாடைக்குக் கீழோ பரவும் வீக்கம்
- வாயைத் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், நாக்கு மேலே தூக்கிக்கொண்டது போல் இருப்பது
- அழுத்தியும் நிற்காத ரத்தக்கசிவு

மூன்றாவதாகச் சொன்னது மூச்சுக்குழாயை அடைக்கும் அளவுக்குப் போகக்கூடியது. மூச்சுத் திணறல் சேர்ந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லை என்றால் பதற்றம் வேண்டாம். ஆனால் "இரண்டு நாள் பார்ப்போம்" என்ற பழக்கமும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் பேசிவிடுவதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு நாள் துடிதுடித்த பல் மூன்றாம் நாள் திடீரென்று அமைதியாகிவிடும். எல்லாரும் நிம்மதியாகி சந்திப்பை ரத்து செய்துவிடுவார்கள். உள்ளே இருந்த நரம்பு செத்துப்போனதால்கூட வலி நின்றிருக்கலாம். வேர் நுனியில் தொற்று சத்தமில்லாமல் தொடரும். வால்வு உள்ளவர்களுக்கு, வலிக்கிற பல்லைவிட இப்படி வலி நின்றுபோன பல்தான் எனக்குக் கவலை தருவது.

3. முதல் சில மணி நேரம் வலியை அடக்குவது

பாராசிட்டமால்தான் முதல் தேர்வு. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1 கிராம், அடுத்த வேளைக்கு 6 மணி நேர இடைவெளி, எப்படிப் பார்த்தாலும் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவு, கல்லீரல் கோளாறு, மதுப் பழக்கம் இருந்தால் அளவு இன்னும் குறையும், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வார்ஃபரின் சாப்பிடுபவர் பாராசிட்டமாலைத் தொடர்ந்து சில நாள், நாளுக்கு 2 கிராம் அளவில் எடுத்தாலே ஐ.என்.ஆர் ஏறக்கூடும். பல் மருத்துவரைப் பார்க்கும் வரை சமாளிக்கத்தான் பாராசிட்டமால். அதை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஓட்டக் கூடாது.

தொடவே கூடாதவை: ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கீட்டோரோலாக், மெஃபனமிக் அமிலம், நிமிசுலைடு, வலிக்கென்று கூடுதலாகப் போடும் ஆஸ்பிரின். இவை வயிற்றின் உள்தோலை அரிக்கும், ரத்தத் தட்டணுக்களின் வேலையைக் குறைக்கும். உறைதடுப்பு மருந்தும் சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு வரலாம். இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு உடலில் நீர் தேங்கவும் இவை காரணமாகும். மருத்துவர் தினமும் சாப்பிடச் சொன்ன சிறிய அளவு ஆஸ்பிரின் வேறு, அதை நிறுத்தாதீர்கள்.

இங்கே அதிகம் பேர் சறுக்குவது கூட்டு மாத்திரையில். "பாராசிட்டமால்தான் கொடுத்தார்கள்" என்று காட்டுவார்கள். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினால் பாராசிட்டமாலுடன் அசிக்ளோஃபினாக்கோ ஐப்யூபுரூஃபனோ சேர்ந்திருக்கும். அட்டையில் பெரிதாக இருக்கும் வணிகப் பெயரை நம்பாமல், பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை எல்லாம் படியுங்கள். ட்ராமடால் என்ற வலி மருந்தும் ஐ.என்.ஆரை ஏற்றலாம் என்பதால் அதையும் நீங்களாக எடுக்க வேண்டாம்.

"ஒரு ஊசி போட்டால் உடனே நிற்கும்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இடுப்பிலோ கையிலோ தசைக்குள் போடும் ஊசி, உறைதடுப்பு மருந்து எடுப்பவருக்கு உள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ள வைக்கும். போதாக்குறைக்கு அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது டைக்ளோஃபினாக்.

மருந்தில்லாமல் செய்யக்கூடியவை: வெதுவெதுப்பான உப்பு நீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம். கன்னத்தின் வெளிப்புறம் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். தலையணையை உயர்த்திப் படுத்தால் விண்விண் என்று தெறிப்பது கொஞ்சம் குறையும். வீக்கம் இருக்கும் இடத்தில் சூடு வைக்காதீர்கள். கிராம்பு எண்ணெய் என்றால் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, பல் குழியில் மட்டும். ஈறில் பட்டால் புண்ணாகும், விழுங்கவும் கூடாது. மாத்திரையைப் பொடித்துப் பல்லில் வைப்பதும் ஈறைப் பொசுக்கிவிடும்.

ஊசி, குச்சி, பின் என்று எதையும் வைத்துக் குழியைக் கிளறாதீர்கள். சீழ்க் கொப்புளம் தெரிந்தால் அதை நீங்களே உடைப்பதும் வேண்டாம். கிருமியை ரத்தத்துக்குள் தள்ள இதைவிட எளிய வழி இல்லை.

4. வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள்

"வால்வு இருக்கிறதே, பாதுகாப்புக்கு நான்கு நாள் ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்கிறேன்" என்று நல்ல எண்ணத்தில் செய்வார்கள். இது மூன்று விதத்தில் கெடுக்கும்.

பல்லின் உள்ளே நரம்பு வீங்கியதால் வரும் வலிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. பல்லைத் திறந்து சுத்தம் செய்தால்தான் அடங்கும். அடுத்து, மெட்ரோனிடசோல், கிளாரித்ரோமைசின் போன்றவை வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்கூட அப்படித்தான். மூன்றாவதுதான் மோசமானது. வால்வில் தொற்று ஏற்கெனவே தொடங்கியிருந்தால், அரைகுறை ஆன்டிபயாடிக் காய்ச்சலை மறைத்துவிடும். பிறகு ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தால் கிருமி வளராது. எந்தக் கிருமி என்று தெரியாமல் மருத்துவர் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும்.

பல் மருத்துவர் பரிசோதித்து, வீக்கமோ காய்ச்சலோ இருப்பதால் பல நாளுக்கான ஆன்டிபயாடிக் எழுதினால் அது வேறு. அதைச் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். ஆரம்பித்த 3 முதல் 5 நாளில் ஐ.என்.ஆர் பார்க்க வேண்டும் என்பதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

5. இரண்டு மருத்துவர்களுக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள்

பல் மருத்துவரிடம் சந்திப்பு கேட்கும் முதல் அழைப்பிலேயே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: செயற்கை வால்வு இருக்கிறது, எந்த மாதம் வைத்தது, என்ன உறைதடுப்பு மருந்து, என்ன ஒவ்வாமை. வந்த பிறகு சொன்னால் அன்று பல்லைத் தொடாமல் திருப்பி அனுப்புவார்கள். முன்காப்பு மருந்தும் (வால்வில் தொற்று வராமல் இருக்கச் சிகிச்சைக்கு முன் போடும் ஆன்டிபயாடிக்) ஐ.என்.ஆர் சீட்டும் இல்லாமல் அவர் வேறு என்ன செய்வார்?

இதய மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் குறிப்பாக இருக்கட்டும். "பல் பிடுங்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பிடுங்கலாம்" என்ற பதிலோடு முடிந்துவிடும். முன்காப்பு ஆன்டிபயாடிக் எது, எவ்வளவு? வார்ஃபரின் அளவில் மாற்றம் உண்டா? ஐ.என்.ஆர் எத்தனைக்குள் இருந்தால் போகலாம்? எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறுவை முடிந்த முதல் சில மாதங்கள் என்றால் இந்த அழைப்பு இன்னும் முக்கியம். புதிய வால்வின் மேல் உடலின் சொந்தப் படலம் வளர்ந்து மூடும் வரை தொற்று எளிதில் பிடிக்கும். அதனால் பல் துப்புரவு, அழகுக்காகச் செய்பவை போன்ற அவசரமில்லாத வேலைகளை இதய மருத்துவர் தள்ளிவைக்கச் சொல்வார். சீழ் பிடித்த பல்லைத் தள்ளிவைக்கக் கூடாது. தொற்றோடு காத்திருப்பதும் ஆபத்துதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "ஆறு மாதம் ஆகட்டும் என்றார்கள்" என்று வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

6. வார்ஃபரினை நிறுத்தாதீர்கள், ஐ.என்.ஆர் பாருங்கள்

பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்ற பயத்தில் மூன்று நாள் முன்பே மாத்திரையைத் தானாக நிறுத்துவது பழைய பழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பல் குழியில் ரத்தம் கசிந்தால் அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்தலாம். மெக்கானிக்கல் வால்வில் ரத்தம் உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளலாம், அந்த ரத்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். முதலாவதைச் சமாளிக்க முடியும், இரண்டாவதைச் சமாளிப்பது கடினம்.

சந்திப்புக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஐ.என்.ஆர் எடுங்கள். நீண்ட நாளாக ஒரே நிலையில் இருப்பவர் என்றால் 72 மணி நேரம் வரை ஏற்றுக்கொள்வார்கள். மெக்கானிக்கல் வால்வு உள்ளவர்களுக்கு இலக்கு பெரும்பாலும் 2 முதல் 3.5 வரைக்குள் ஏதோ ஒரு வரம்பாக இருக்கும். அந்த இலக்குக்குள் இருக்கும்போது ஓரிரு பற்களைப் பிடுங்குவது வழக்கமாக நடக்கிற காரியம். 4-ஐத் தாண்டினால் பல்லைத் தொடாமல் முதலில் இதய மருத்துவரிடம். அவசரப்பட்டு வைட்டமின் கே போட்டு இறக்குவதும் அவர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு.

சரி, மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டேன், ஐ.என்.ஆர் ஏன் ஏறியது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, இந்த வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான். பல்வலியில் மென்று சாப்பிட முடியாமல் கஞ்சியும் பாலுமாக ஓட்டியிருப்பார்கள். கீரையும் காய்கறியும் குறைந்தால் வைட்டமின் கே குறையும், அதே மாத்திரை அளவுக்கு ஐ.என்.ஆர் மேலே போகும். கூடவே தொடர்ந்து பாராசிட்டமால், ஒரு ஆன்டிபயாடிக். மூன்றும் ஒரே திசையில் தள்ளுகின்றன. அதனால் "போன வாரம்தான் பார்த்தேன், சரியாக இருந்தது" என்பது பல்வலி வாரத்தில் செல்லாது.

7. முன்காப்பு ஆன்டிபயாடிக்: ஒரே வேளை, சரியான நேரம்

ஈறைக் கீறுவது, வேர் நுனியைத் தொடுவது, வாயின் உள்தோலைத் துளைப்பது எல்லாவற்றுக்கும் முன்காப்பு தேவை. பல் பிடுங்குதல், ஆழமான பல் துப்புரவு, வேர் சிகிச்சை, ஈறு அறுவை எல்லாம் இதில் வரும். எக்ஸ்ரே எடுக்க, கழற்றி மாட்டும் பல்செட்டைப் பொருத்த, தொற்றில்லாத இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட மட்டும் என்றால் தேவையில்லை. ஸ்டென்ட், பைபாஸ், பேஸ்மேக்கர் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த முன்காப்பு வேண்டியதில்லை. அவர்கள் அனுபவத்தைக் கேட்டு "எனக்கும் வேண்டாம்" என்று முடிவு செய்யாதீர்கள்.

அமெரிக்க, ஐரோப்பிய இதயச் சங்கங்களின் வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒரே தடவையாக, சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன். குழந்தைகளுக்கு எடைக்கேற்ப, கிலோவுக்கு 50 மி.கி. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் செஃபலெக்ஸின், அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் என்று மாற்று உண்டு. பென்சிலினுக்கு முகம் வீங்கியவர், உடம்பு தடித்தவர், மூச்சு முட்டியவர் செஃபலெக்ஸினையும் தவிர்க்க வேண்டும். முன்பு கொடுத்த கிளிண்டமைசினை இப்போது பரிந்துரைப்பதில்லை. பழைய சீட்டில் அது இருந்தால் புதிதாகக் கேளுங்கள்.

2 கிராம் என்றால் 500 மி.கி. மாத்திரை நான்கு. "நான்கையும் ஒன்றாகவா?" என்று பயந்து காலை ஒன்று, மதியம் ஒன்று என்று பிரித்துப் போடுவார்கள். அப்படிப் போட்டால் பயன் இல்லை. கிருமி ரத்தத்தில் கலக்கும் அந்த நேரத்தில் மருந்தின் அளவு உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் ஒரே வேளையாகக் கொடுப்பது. வீட்டில் போட்டுவிட்டு வந்து காத்திருப்பு அறையில் இரண்டு மணி நேரம் போய்விடுவதும் நடக்கிறது. மருந்தைக் கையில் கொண்டுபோய், உங்கள் முறை எப்போது என்று கேட்டு, அதற்கேற்பப் போடுவது நல்லது. மறந்தே போனால், சிகிச்சை முடிந்த 2 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளலாம், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே வேறு காரணத்துக்கு அமாக்ஸிசிலின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதே மருந்து முன்காப்பாகாது, வேறு வகை வேண்டும். பல முறை வர வேண்டிய சிகிச்சை என்றால் முறைகளுக்கு இடையே 10 நாளாவது விடுவது நல்லது. முடிந்தால் ஒரே அமர்வில் அதிக வேலையை முடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

8. சிகிச்சை நாளன்று

காலை நேரத்தில், வாரத் தொடக்கத்தில் சந்திப்பு வாங்குங்கள். மாலையில் பிடுங்கி இரவில் ரத்தம் கசிந்தால் யாரைத் தேடுவது? சாப்பிட்டுவிட்டு, வழக்கமான இதய மருந்துகளையும் போட்டுவிட்டுப் போங்கள்.

நாற்காலியில் உட்காரும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். ரத்தம் நிற்கக் குழியில் வைக்கும் பஞ்சும் தையலும் தயாரா? மரத்துப்போகும் ஊசியைப் பல்லை ஒட்டியே போட முடியுமா? தொண்டைப் பக்கம் ஆழமாகப் போடும் ஊசியில் உள்ளே ரத்தம் பரவ வாய்ப்பு இருப்பதால் இதைக் கேட்பது. ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் கலந்த கொப்பளிப்பு நீர் தருவார்களா? நல்ல பல் மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

காப்பாற்றக்கூடிய பல் என்றால் வேர் சிகிச்சையில் ரத்தக்கசிவு குறைவு. ஆனால் முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாத பல்லை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதைவிடப் பிடுங்குவதே மேல் என்பது என் கருத்து. வாயில் ஒரு தொற்றுக் கிடங்கை வைத்துக்கொள்ளும் வசதி வால்வு உள்ளவருக்கு இல்லை.

9. பிடுங்கிய பிறகு முதல் 24 மணி நேரம்

காஸ் துணியை 20 முதல் 30 நிமிடம் அசைக்காமல் கடித்திருங்கள். நின்றதா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்காதீர்கள், விழுங்குங்கள். கொப்பளிப்பது, உறிஞ்சுகுழல், சூடான பானம், புகை எல்லாம் அன்று வேண்டாம். உறைந்த ரத்தம்தான் குழிக்கு மூடி. டிரானெக்சாமிக் நீர் கொடுத்திருந்தால் அவர் சொன்ன முறையில் மட்டும்.

எச்சிலில் லேசாகச் சிவப்பு தெரிவது இயல்பு. மீண்டும் ரத்தம் ஊறினால் ஈரமான சுத்தமான துணியை மடித்து இன்னொரு 30 நிமிடம் அழுத்துங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றிரவு வார்ஃபரின் வேளையை யாரும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். மெக்கானிக்கல் வால்வின் டிக்டிக் ஓசை மங்குவது, திடீர் மூச்சுத்திணறல், கை கால் அல்லது பேச்சு இழுப்பது தெரிந்தால் அவசர சிகிச்சைதான்.

10. அடுத்த சில வாரங்கள்

பல் ஆறிவிட்டால் கதை முடிந்தது என்று உறையை மூடிவிடுவார்கள். வால்வில் தொற்று பிடித்தால் அது பெரும்பாலும் அடுத்த சில வாரங்களில்தான் தெரியவரும், அதுவும் மெதுவாக. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாத சோர்வு, எடை குறைவு, பசியின்மை. "ஏதோ வைரஸ் காய்ச்சல்" என்று தோன்றும். அந்த நேரத்தில் எந்த மருத்துவரிடம் போனாலும் இரண்டு வாக்கியங்களை முதலில் சொல்லுங்கள்: "எனக்குச் செயற்கை வால்வு இருக்கிறது. இந்தத் தேதியில் பல் சிகிச்சை நடந்தது." ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்த கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நேரம் விட்டு மூன்று முறை எடுப்பது வழக்கம்.

சிகிச்சைக்கு ஒரு வாரம் கழித்து ஐ.என்.ஆர் மறுபடி பாருங்கள். இப்போது மென்று சாப்பிட ஆரம்பித்திருப்பீர்கள், ஆன்டிபயாடிக்கும் முடிந்திருக்கும். இந்த முறை அது கீழே இறங்கியிருக்கலாம்.

மென்மையான பிரஷ்ஷால் தினமும் இரு வேளை துலக்குங்கள். ஈறில் ரத்தம் வருகிறது என்று பயந்து துலக்குவதை விடுவது தவறு; வீங்கிய ஈறுதான் தினமும் கிருமியை உள்ளே அனுப்புகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிடுங்கள். இந்த முறை பயன்பட்ட முன்காப்பு மருந்தின் பெயர், அளவு, அன்றைய ஐ.என்.ஆர், ரத்தம் நிற்க எடுத்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதே உறையில் போட்டு வையுங்கள். அடுத்த பல் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.